ஆமைக்குஞ்சு இறந்த வீடு: யாரும் வந்து விசாரிக்காத துக்கம்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு என்றால் சேதி கேட்டவுடன் தெருவே அங்கே கூடிவிடும். வந்து உட்கார்ந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி ஆச்சு?" வீட்டார் ஆரம்பத்திலிருந்து சொல்வார்கள். எப்போது மூச்சு வாங்கியது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கடைசியாக என்ன பேசினார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார், மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. காரியம் முடிவதற்குள் அந்தக் கதை எத்தனை தடவை சொல்லப்பட்டது என்பதற்குக் கணக்கே இருக்காது. துக்கம் விசாரிப்பதன் வேலை அதுதான். சொல்லச் சொல்லத்தான் நடந்தது நடந்ததாக மனதில் படிகிறது.

வீட்டில் வளர்த்த ஆமைக்குஞ்சு இறந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் வருவதில்லை. அப்படியே யாராவது கேட்டாலும் வளர்த்தவரிடம் பதில் இல்லை. நாலு நாளாகச் சரியாகத் தின்னவில்லை, காலையில் பார்த்தால் அசைவில்லை என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்க ஆளும் இல்லை, சொல்லக் கதையும் இல்லை. இந்த இரண்டு குறையும் சேர்ந்துதான் உள்ளங்கையளவு உயிர் ஒன்றின் சாவை மாதக்கணக்கில் மனதில் தங்கவைக்கின்றன என்பது என் எண்ணம். அதனால் ஆறுதல் மொழிகளைவிட, ஆமைக்குஞ்சு எப்படி இறக்கிறது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுக்கிறேன். காரணம் புரிவது துக்கத்தைப் போக்கிவிடாது. ஆனால் துக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் "நான்தான் கொன்னுட்டேனோ" என்ற குற்ற உணர்வைக் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்காவது அது விலக்கித் தரும்.

நாய்க்கோ பூனைக்கோ இல்லாத ஒரு சிக்கல் ஆமைக்கு நம்மிடம் உண்டு. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லிவந்த ஊர் இது. குஞ்சை வாங்கி வந்த நாளிலிருந்தே வீட்டில் ஆயா முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அது இறந்ததும், "போச்சு விடு, வீட்டைப் புடிச்ச பீடை கழிஞ்சுது" என்பார். பேத்தி அழுதுகொண்டிருக்கும்போது சொல்லும் ஆறுதல் இது. அவருக்குக் கெட்ட மனம் இல்லை. கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறார். மறுபக்கம், வாஸ்து என்றும் அதிர்ஷ்டம் என்றும் ஆமையை வாங்கி வைத்த வீடுகளில் சாவு வேறு பயத்தைக் கிளப்புகிறது. ஏதோ கெடுதல் வரப்போகிறது, யாருக்கோ வர வேண்டியதை இது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று பேச்சு நீளும். பீடை என்றாலும் சரி, பலி என்றாலும் சரி, இறந்துபோன உயிரைப் பற்றி யாரும் பேசவில்லை. தினமும் காலையில் கண்ணாடித் தொட்டிக்கு அருகில் போனால் கழுத்தை நீட்டிக்கொண்டு நீந்தி வந்த அந்த ஒன்றைப் பற்றிப் பேச அங்கே இடமே இல்லை.

சுற்றியுள்ளவர்கள் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கம் ஆறத் தாமதமாகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் விரிவாக எழுதினார். அங்கீகாரம் மறுக்கப்பட்ட துயரம் என்று அதைச் சொல்லலாம். வளர்ப்புப் பிராணிகளின் சாவு அந்த வகையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அதிலும் ஆமை ஆகக் கடைசி. நாய் செத்தால் தெருவில் இரண்டு பேராவது ஐயோ என்பார்கள், ஆமைக்கு "அதுக்கா அழுவுற?" என்பதுதான் கிடைக்கும். கேட்டவருக்கு அது குரைக்கவும் இல்லை, மடியில் வந்து படுக்கவும் இல்லை. ஆனால் தினமும் தண்ணீர் மாற்றி, வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், காக்கைக்குப் பயந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அதுதான் அன்றைய பொழுது. பாசம் எதிரிலிருப்பதன் அளவைப் பொறுத்து வருவதில்லை. நாம் எவ்வளவு நேரம் எதைக் கவனித்துக்கொண்டிருந்தோம் என்பதைப் பொறுத்து வருகிறது.

இன்னொரு அடியும் ஆமை விஷயத்தில் சேர்ந்துகொள்கிறது. ஆமை என்றாலே நீண்ட ஆயுள் என்றுதான் நினைக்கிறோம். செயின்ட் ஹெலினா தீவில் வாழும் ஜோனதன் என்ற ராட்சத ஆமை 1832 வாக்கில் பிறந்ததாகக் கணிக்கப்படுகிறது. கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006இல் இறந்த அத்வைதா 200 வயதைத் தாண்டியது என்று சொல்லப்பட்டது. கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமைகூட நன்றாக வளர்த்தால் 30 ஆண்டு இருக்கும். "என் பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறமும் இது இருக்கும்" என்று நினைத்து வாங்கியது மூன்று மாதத்தில் போய்விட்டால், போனது மூன்று மாதப் பழக்கம் மட்டும் இல்லை. முப்பது ஆண்டுக் கணக்கும் சேர்ந்து போகிறது.

அந்த நீண்ட ஆயுள் வளர்ந்த ஆமைக்கு உரியது. குஞ்சுப் பருவத்தில் ஆமை இனமே பெரும் சாவுகளைத் தாங்கித்தான் வாழ்கிறது. தை, மாசி, பங்குனியில் கடலூர்க் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை ஒரே குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். அவ்வளவு இடுவதற்குக் காரணம், ஆயிரம் குஞ்சு கடலுக்குள் இறங்கினால் ஒன்றே பெரிதாகும் என்று பொதுவாக மதிப்பிடப்படுவதுதான். குளத்து ஆமைகளும் தரை ஆமைகளும் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் முதல் ஆண்டில் பெரும்பாலானவற்றை இழக்கின்றன. ஓடு கெட்டியாகும் வரை ஆமைக்குஞ்சு மிக மென்மையான உயிர். ஆமைக்குஞ்சு தாய் முகம் பார்த்தே வளரும் என்று நம் பழம்பாட்டு சொல்லும். உண்மையில் தாய் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும், குஞ்சுக்கு யாரும் இல்லை. வீட்டுத் தொட்டியில் அதற்கு நம் முகம் கிடைத்தது. அதுவே அதற்குப் போதுமாக இருந்திருக்காது என்பதுதான் அடுத்து சொல்லப்போவது.

சத்தமில்லாமல் வரும் நோய்

நம் ஊர் மீன்தொட்டிக் கடைகளில் ஆமைக்குஞ்சு என்று விற்பது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். விற்கும்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்; பெண் ஆமை வளர்ந்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை போகும். பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சின்ன டப்பாவில் போட்டு, கூடவே ஒரு டப்பி தீனியும் கொடுத்து, "தண்ணி மட்டும் மாத்துனா போதும்" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு வரிக்குள் பல குஞ்சுகளின் சாவு இருக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் வயிற்றில் மிச்ச மஞ்சள் கரு இருக்கும். உடலில் சேமிப்பாகச் சில சத்துகளும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு குஞ்சு நல்ல வெளிச்சமும் நல்ல தீனியும் இல்லாமலே வாரக்கணக்கில் துறுதுறுவென்று நீந்தும். வளர்ப்பவர் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைப்பார். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் குறை வெளியே தெரியும். வாங்கிய முதல் சில மாதங்களுக்குள் நிறைய குஞ்சுகள் இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று வளர்த்தவர் சொல்வது பொய்யில்லை. நேற்று வரை நன்றாகத் தெரிந்தது.

வெளியே தெரியாததற்கு ஆமையின் உடல் அமைப்பும் காரணம். நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானம் நமக்கிருப்பதைப் போல ஆமைக்குக் கிடையாது; இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. நுரையீரலில் சளி கட்டினால் நாலு நாளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும், வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்கில் குமிழி வரும். இதையெல்லாம் பார்த்து, "என்னமோ விளையாடுது" என்று செல்போனில் படம் எடுத்தவர்கள் உண்டு. பின்னால் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வரும் வேதனைக்கு அளவில்லை. ஆனால் அறிகுறி என்று சொல்லித்தரப்படாத ஒன்றை அறிகுறியாகப் படிக்க யாராலும் முடியாது. இரையாகும் விலங்குகள் பலவும் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாமல் மறைப்பவை. ஆமையும் அப்படித்தான்.

அடுத்தது ஓடு. ஓடு உறுதியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அது உண்டாகச் சூரியனின் புற ஊதாக் கதிர் நேராகத் தோலில் பட வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வீட்டு எல்இடி பல்பிலிருந்து அது வராது. தொட்டியைச் சன்னலோரம் வைத்து "வெயில்லதான் இருந்துச்சு" என்று நம்பியவர்களின் குஞ்சுக்கு வெளிச்சம் கிடைத்தது, சூடும் கிடைத்தது, அந்தக் கதிர் மட்டும் கிடைக்கவில்லை. ஓடு நகத்தால் அமுக்கினால் அமுங்கும் அளவுக்கு மெதுவாகும். எலும்பு வளையும். பின் கால்கள் இழுபடும். சந்தையில் வாங்கிய கூனியை மட்டுமே போட்டு வளர்த்தால் இன்னொரு வினை. வைட்டமின் ஏ குறைந்து இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாத சிவப்புக் காது ஆமை தீனியைத் தேடி எடுக்காது. பசியால் சாவது நமக்கு "சாப்பிட மாட்டேங்குது" என்று தெரியும்.

குளிர் தனியாகக் கொல்வது குறைவு. மற்றதோடு சேர்ந்து கொல்லும். ஆமையின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தண்ணீரும் காற்றும் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதே சூட்டில்தான் செரிமானமும் நோய் எதிர்ப்பும் நடக்கும். சிவப்புக் காது ஆமைக்குஞ்சுக்குத் தண்ணீர் 26 முதல் 28 பாகை (டிகிரி செல்சியஸ்), ஏறிக் காய ஒரு மேடு 32 பாகைக்குக் குறையாமல் வேண்டும். நம் சித்திரை, வைகாசியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். மார்கழி இரவில் கடலூரில் 22 பாகை அளவுக்கு இறங்கும். சின்ன டப்பாத் தண்ணீர் அதைவிட வேகமாகக் குளிரும். குஞ்சு மந்தமாகும், தின்றது வயிற்றிலேயே கெடும், ஏற்கெனவே சத்து குறைந்திருந்த உடல் அத்தோடு தளரும். குளிர்நாட்டு ஆமைகள் மாதக்கணக்கில் உறங்கும் என்று எங்கோ கேட்டதை வைத்து, "குளிர்காலத் தூக்கம், எழுந்துரும்" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. நம் ஊர் மழைக்காலம் அந்த உறக்கத்துக்கு உரிய குளிர் இல்லை. செரிமானத்தைக் கெடுக்கும் அரைகுறைக் குளிர்.

இங்கே 2024 நவம்பர் 30ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் பல தெருக்களுக்குள் புகுந்தது. மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுத் தொட்டியில் ஒரு ஆமைக்குஞ்சு இறந்தால் அதை வாய் திறந்து சொல்லவே முடியாது. பக்கத்து வீட்டில் அரிசி மூட்டை, பீரோ, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிருக்கும். சொல்லாமல் விழுங்கிய அந்தத் துக்கம் வெள்ளம் வடிந்த பிறகு, எல்லோரும் சுதாரித்துவிட்ட நேரத்தில், தனியாக எழுந்து வரும். அது சின்னப் புத்தி என்று நினைக்க வேண்டாம். பெரிய இழப்பு நடந்த ஊரில் சிறிய இழப்புகள் வரிசையில் பின்னால் நிற்கின்றன, அவ்வளவே.

முதல் நாள்

அசைவில்லாமல் கிடக்கும் குஞ்சை உடனே புதைக்கக் கூடாது. குளிர்ந்து மந்தமான ஆமை செத்தது போலவே கிடக்கும். தண்ணீர் ஆமைகள் பிராணவாயு மிகக் குறைந்த நிலையிலும் வெகு நேரம் தாங்கும். மூச்சு நிமிடக்கணக்கில் இடைவெளி விட்டு வரலாம். தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரத்துணி விரித்த பெட்டியில், அறைச் சூட்டில் வைத்து, கண்ணோரத்தையும் வாலையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கால் இழுபடுகிறதா, வாய் அசைகிறதா என்று கவனியுங்கள். கண் குழி விழுந்து, உடல் விறைத்து, வாடை வரத் தொடங்கினால் சந்தேகமில்லை. இடைப்பட்ட நிலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே சரி. ஆமையின் இதயம் மற்ற உறுப்புகள் அடங்கிய பிறகும் சில நேரம் துடிக்கும் என்பதால் அவர்களுக்கே கொஞ்சம் நிதானம் தேவைப்படும். "உயிரோட புதைச்சுட்டமோ" என்ற எண்ணம் பின்னால் ராத்திரியில் வந்து உட்காராமல் இருக்க, இந்த ஒரு நாள் காத்திருப்பது மிகவும் பயன்படும். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

காரணம் தெரிய வேண்டும் என்று மனம் கேட்டால் உடற்கூறு பரிசோதனை செய்யலாம். ஆமைக்குப் போஸ்ட்மார்ட்டமா என்று சிரிப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி பெயரில் அமைந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார், பரிசோதனைக்கு எப்படிக் கொடுப்பது என்று அங்கே போய்க் கேட்கலாம். உடலை நெகிழிப் பையில் சுற்றி, டப்பாவில் மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். பிரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்து காரணம் தெரியாமல் போகும். வீட்டில் இன்னொரு ஆமை இருந்தால் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்றே சொல்வேன். முதலாவதைக் கொன்றது இரண்டாவதிடமும் இருக்கலாம்.

புதைப்பதற்கு இரண்டடி ஆழமாவது வேண்டும். கிணறு, போர் பக்கத்தில் வேண்டாம். கடலூர் வெள்ளிக் கடற்கரை (சில்வர் பீச்) மணல் அழகாக இருக்கிறது என்று அங்கே கொண்டுபோனால் நாய் தோண்டிவிடும். ஏரியிலும் ஆற்றிலும் போடுவது மற்ற உயிர்களுக்கு நோயைக் கொடுக்கும். மண்ணே இல்லாத ஒட்டு வீடுகளில் இருப்பவர்கள் சொந்தக்காரர் கொல்லையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மேலே செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வைப்பது உங்கள் விருப்பம். பால் தெளித்தாலும் தவறில்லை. சடங்கு என்று ஒன்று இருந்தால் கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. எல்லாம் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஆமையின் மேலும் அதன் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க 1975இலேயே தடை போட்டதற்குக் காரணம் அதுதான். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கழுவாதீர்கள்.

பிள்ளைகளிடம்

குழந்தையிடம் "ஆமை தூங்குது" என்று சொல்லிவிட்டுப் புதைப்பது நம் வீடுகளில் சாதாரணம். ஹங்கேரியைச் சேர்ந்த மரியா நாகி குழந்தைகளிடம் பேசி 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவைத் தூக்கமாகவோ பயணமாகவோ பார்க்கிறார்கள் என்றும், ஏறக்குறைய ஒன்பது வயதுக்குப் பிறகே அது எல்லோருக்கும் வருவது, திரும்பாதது என்று முழுமையாகப் புரிகிறது என்றும் கண்டார். இன்று இந்த வயதெல்லை சற்று முன்னதாகவே வரும் என்கிறார்கள். எதுவாக இருந்தாலும், தூக்கம் என்று நினைக்கும் வயதில் நாமும் தூக்கம் என்றே சொன்னால் அந்தப் பிள்ளை இரண்டு விதத்தில் மாட்டிக்கொள்ளும். ஒன்று, எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருக்கும். இல்லையென்றால் ராத்திரி படுக்கப் பயப்படும்.

"செத்துப்போச்சு, இனிமே மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது, திரும்ப வராது" என்று நேராகச் சொல்வது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் அது பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தரையைத் தருகிறது. புதைக்கும்போது கூட நிற்க அது விரும்பினால் நிற்கட்டும். விரும்பாவிட்டால் இழுக்க வேண்டாம். அடுத்த பத்து நாளில் அதே கேள்வியைப் பல தடவை கேட்கும். சோறு ஊட்டும்போது, ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது, "அது மண்ணுக்குள்ள குளிருமா?" என்று திடீரென்று வரும். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பெரியவர்களின் சாவில் "எப்படி ஆச்சு?" செய்யும் வேலையைத்தான் அந்தக் கேள்விகள் செய்கின்றன.

மறுநாளே அதே அளவில் இன்னொன்றை வாங்கிப் போட்டு, பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பது பெரும்பாலும் பலிக்காது. ஓட்டின் கோலம் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. குழந்தைகள் அதை நம்மைவிட நன்றாகப் பார்த்து வைத்திருப்பார்கள். கண்டுபிடித்த பிறகு இழப்போடு ஏமாற்றமும் சேரும். "நீ தொட்டதுனாலதான்", "நீ தண்ணி மாத்தல" என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளை அதை வெகு காலம் சுமக்கும்.

வளர்த்தவரிடம்

பெரியவர்கள் வெளியில் அழுவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள். மாலையில் தண்ணீர் மாற்றும் நேரம் வந்ததும் கை தானாக வாளியைத் தேடுகிறது. துக்கம் ஐந்து படியில் வரிசையாக வந்து முடியும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதைச் சொன்னது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசி. இழந்தவர்களுக்கு அப்படியே பொருந்தும் கால அட்டவணை அது இல்லை. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம் எனக்கு இன்னும் நேர்மையாகப் படுகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறார். காலையில் சிரித்துப் பேசியவர் மாலையில் கலங்கினால் அது பின்னடைவு இல்லை. அப்படித்தான் அது நடக்கும்.

குற்ற உணர்வுக்கு ஒரு வழி, நடந்ததைத் தேதி வாரியாகத் தாளில் எழுதிப் பார்ப்பது. என்று வாங்கியது, எதைத் தின்றது, எப்போது மந்தமானது, நான் அப்போது என்ன செய்தேன், அன்றைக்கு எனக்கு என்ன தெரியும். கடைசிக் கேள்விதான் முக்கியம். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய நம்மைக் கூண்டில் ஏற்றுகிறோம். புற ஊதா விளக்கு என்று ஒன்று வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, அட்டையில் அச்சடிக்கவில்லை, பக்கத்தில் கேட்க ஆளும் இல்லை. தெரிந்தும் அலட்சியம் செய்ததும் சில வீடுகளில் இருக்கும். அப்போது மனம் வருந்துவது நியாயம். அந்த வருத்தத்தைத் துடைத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அறியாமையையும் அலட்சியத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். எழுதியதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆமை வளர்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், முன்பு நடந்த வேறு சாவுகள் இதோடு சேர்ந்து கிளம்பினால், வெளியாள் ஒருவர் தேவை. ஒண்டியாக இருக்கும் முதியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆமைக்காக என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் தூக்கம் வரவில்லை என்றே ஆரம்பிக்கலாம்.

நட்சத்திர ஆமை வைத்திருந்தவர்கள்

இவர்கள் துக்கம் எல்லாவற்றையும்விட ஊமையானது. ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது. நம் கடற்கரை ஊர்களின் மழைக்கால ஈரத்தில் மூக்கு ஒழுகத் தொடங்கி நுரையீரலுக்குப் போகும். அதன் வயிறு புல்லுக்கும் இலைக்கும் பழக்கப்பட்டது; வீட்டில் சோறும் இட்லியும் போடுகிறார்கள். நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோகப் பயம், ஏனென்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததும் நட்சத்திர ஆமை கடும் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணைக்குள் வந்தது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பன்னாட்டு வணிகத்துக்கும் 2019இலிருந்து முழுத் தடை. சொந்தக்காரர் கொடுத்தார், தோப்பில் கிடந்தது என்று எடுத்து வந்து அன்பாகத்தான் வளர்த்திருப்பார்கள். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் காட்டில் இருக்க வேண்டியதை வீட்டில் மறைத்து வைத்ததும், மறைத்ததாலேயே மருந்து கிடைக்காமல் போனதும் உண்மை. இறந்த ஒன்றுக்காக மனம் கனத்து, வீட்டில் இன்னொன்று இருந்தால், அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம்.

அடுத்தது வாங்கலாமா

கேட்பவர்களுக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. துக்கத்தின் வேகத்தில் வாங்கும் குஞ்சு பெரும்பாலும் அதே டப்பாவுக்குள், அதே விளக்கின் கீழ், அதே மழைக்காலத்துக்குள் வந்து சேரும். சிவப்புக் காது ஆமையைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் கடுமையான கருத்துண்டு: அதை இந்த ஊரில் விற்கவே கூடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியை நிறுத்தியது. ஜோடியில் ஒன்று இறந்ததும் மனம் தாங்காமல், "இதாவது பொழைக்கட்டும்" என்று மற்றதை ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ கெடிலம் ஆற்றிலோ விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழைத்தால் அங்கே இருக்கும் நம் ஊர் ஆமையான பாலாமையின் தீனியையும் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கூடவே நோயையும் கொடுக்கும். தொடர்ந்து வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

வெளிநாட்டுத் தரை ஆமை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (சைட்டீஸ்) பட்டியலில் உள்ள உயிரினங்களை வீட்டில் வைத்திருந்தால் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்த ஆமை இறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். துக்கத்தோடு படிவம் நிரப்புவது கசப்பாக இருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போட்டு மறந்துவிடாமல், வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

காலியான தொட்டியை எப்போது எடுப்பது என்பதற்கு விதி கிடையாது. சிலருக்கு அன்றே கண்ணில் படாமல் போக வேண்டும். சிலருக்கு மாதம் ஆகும். எடுக்கும்போது பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள். கூழாங்கல்லையும் பஞ்சு வடிகட்டியையும் தூக்கிப் போட்டுவிடலாம். புற ஊதா விளக்கு இருந்தால் ஆமை வளர்க்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாம், ஆனால் எத்தனை மாதம் எரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓராண்டுக்குள் அதிலிருந்து வரும் கதிர் குறைந்துவிடும். பல்பு எரிவதைப் பார்த்து அவர் அதைக் கண்டுபிடிக்க முடியாது.